துக்க வீட்டுத் தேத்தண்ணி

எங்கள் எஸ்டேட்டில் யார் இறந்துபோனாலும், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்குச் சொல்வதற்கு முன்னால் எங்கள் கடைக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். இதை ஒரு பெருமைபோலப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். மற்ற பிள்ளைகளுக்கு மாடு இருந்தது, மோட்டார் இருந்தது, சிரம்பானில் பெரிய வீடு கட்டிய சித்தப்பா இருந்தார். எங்களுக்குச் சாவுச் செய்தி முதலில் வந்தது.

காரணம் தேத்தண்ணிதான். லாபு பக்கத்துப் பெரிய சாலையிலிருந்து எஸ்டேட்டுக்குள் செம்மண் பாதை திரும்புகிற முனையில் வாப்பாவின் கடை இருந்தது. பாதி மளிகைக் கடை, பாதி ரொட்டிக் கடை. தொழிலாளர் லயத்தில் ஒரு வீட்டில் துக்கம் என்றால், உடலை எடுக்கும்வரை அங்கே அடுப்பு மூட்டமாட்டார்கள். அழுகிறவர்களுக்கும் வந்து உட்காருகிறவர்களுக்கும் தொண்டை நனைக்க ஏதாவது வேண்டுமே. அது எங்கள் கடையிலிருந்து போகும். யார் தொடங்கிய வழக்கம் என்று வாப்பாவுக்கே தெரியாது. கடையை எடுத்தபோது மேசை நாற்காலியோடு அதுவும் சேர்ந்து வந்தது என்பார். பால் ஊற்றமாட்டார். இஞ்சியைத் தட்டிப் போட்டு, சீனியை அள்ளிப் போடுவார். அழுகிறவர்களுக்குச் சீனி வேண்டும் என்பது அவருடைய வைத்தியம். மூடி போட்ட பெரிய சில்வர் குண்டானில் ஊற்றி, வேனில் ஏற்றி, அவரே கொண்டுபோவார். கடையில் வேலை செய்தவர்களை அதற்கு ஒருமுறைகூட அனுப்பியதில்லை.

நாங்கள் தொழுகிறவர்கள், லயத்துக்காரர்கள் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டில் யார் உயரம், யார் குட்டை என்று தெரிவதைப்போல. இப்படி எழுதும்போதே எனக்குச் சந்தேகம் வருகிறது. உண்மையிலேயே எல்லாம் அவ்வளவு இலகுவாக இருந்ததா, அல்லது நான் சின்னப் பிள்ளையாக இருந்ததால் அப்படித் தெரிந்ததா? உம்மாவிடம் கேட்டால், "எல்லாம் இருந்துச்சு, நீ பாக்கல" என்கிறார்.

நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை கடைத் தொலைக்காட்சியில், இந்தியாவில் ஒரு பஸ் நிலையத்தில் குண்டு வெடித்ததாகக் காட்டினார்கள். திருவிழா சமயம், நிறையக் கூட்டம். கடையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "பாவம்லா, பிள்ளைங்க செருப்பு கிடக்கு பாரு" என்று யாரோ சொன்னார்கள். குண்டை ஒரு தூக்குச்சட்டியில் வைத்து, பயணிகள் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் விட்டுப் போயிருந்தார்களாம். கொஞ்ச நேரத்தில் இதைச் செய்தது நாங்கள்தான் என்று ஒரு கூட்டம் அறிக்கை விட்டதாகவும், அது இறைவனுக்காகச் செய்த காரியம் என்று அவர்கள் சொன்னதாகவும் செய்தியில் வந்தது. போலீஸ் தேடுகிறவர்களின் பெயர்களையும் வாசித்தார்கள். அதில் ஒன்று என் சாச்சாவுக்கும் உள்ள பெயர். வாப்பாவின் தம்பி, அப்போது நீலாயில் ஒரு கடையில் ரொட்டி வீசிக்கொண்டிருந்தார்.

வாய் நிறைய ரொட்டியோடு, வேலையாட்களைக் கவனிக்கிற மண்டோர் ஒருவர் கேட்டார்: "ஏன் பாய், உங்க தம்பி எப்ப இந்தியாவுக்குப் போனாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். "அவனா? எலிப்பொறி வைக்கவே பயந்து என்னைக் கூப்புடுவான்லா" என்றார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் டிரைவர் மாமா. எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுகிறவர், என் வகுப்பில் படித்த கவிதாவின் அப்பா. தினமும் வேலை முடிந்ததும் எங்கள் கடைக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வாப்பாவுக்கு அவரைவிட நெருக்கமான ஆள் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் பேசிக்கொள்வதெல்லாம் வெறும் கேலிதான்.

சிரிப்பு அடங்கியதும் வாப்பா சேனலை மாற்றினார். பிறகு துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் மாமாவின் அக்கா அந்த மாதம் ஒரு குழுவோடு இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போயிருந்தார். கணவர் இல்லாதவர், தம்பி வீட்டில்தான் இருந்தார். அவருக்கு ஒரே மகன், தொழிற்சாலையில் வேலை. அந்தக் குழு அன்றைக்கு அந்த ஊருக்குப் போகவேண்டியதே இல்லையாம். பஸ் மாறுவதற்காக இறங்கியிருக்கிறார்கள். டிரைவர் மாமா எங்கள் கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அக்கா உயிரோடு இல்லை.

மறுநாள் அந்தச் செய்தி எங்களுக்கு எப்படி வந்தது தெரியுமா? காய்கறி வேன்காரர் சொன்னார். வெங்காய மூட்டையை இறக்கிக்கொண்டே, உங்களுக்குத் தெரியாதா பாய் என்றார். வாப்பாவுக்குத் தெரியாது. லயத்திலிருந்து யாரும் வந்து சொல்லவில்லை.

இதைப் பற்றி நான் பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார்களா? அப்போது எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. ஆள் அனுப்பிச் சொல்லும் பழக்கமே குறைந்துபோயிருந்தது. கடையில் தொலைக்காட்சி இருக்கிறது, பாய்க்குத் தெரிந்திருக்கும் என்றும் நினைத்திருக்கலாம். இத்தனை காரணங்கள் இருக்கின்றன. வாப்பாவுக்கு அன்று இவற்றில் ஒன்றுகூடத் தோன்றவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

உம்மா இஞ்சியை எடுத்து அம்மியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். வாப்பா குண்டானைக் கழுவி அடுப்பில் ஏற்றினார். சாயங்காலத்துக்குள் தேத்தண்ணி தயாராகிவிட்டது. வீடு முழுக்க இஞ்சி வாசம். வாப்பா வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமு வந்து இறங்கினார்.

மாமு உம்மாவின் தம்பி. லோபாக்கில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதைக் கேட்கிற தொழில். மோட்டாரிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பேசினார்.

"மச்சான், இன்னிக்கி வேணாம் மச்சான். சொன்னா கேளுங்க. நாள் பூரா டிவியில அந்தத் தூக்குச்சட்டியத்தான் காட்டுறானுங்க. நீங்க மூடி போட்ட குண்டானத் தூக்கிட்டுப் போயி அவங்க வாசல்ல வைக்கப் போறீங்களா?"

"இது தேத்தண்ணி" என்றார் உம்மா. "எத்தன வருசமா போற தேத்தண்ணி."

"உனக்குத் தெரியும் லாத்தா, எனக்குத் தெரியும். அங்க ஒருத்தன் தண்ணியப் போட்டுட்டு வந்து மச்சான் சட்டையப் புடிச்சான்னா? அப்புறம் நாளைக்கி இந்தக் கடைய எப்புடித் தொறப்பீங்க? இன்னொண்ணு, நாம போனா மன்னிப்புக் கேக்க வந்த மாதிரி ஆயிடும். நாமளா வச்சோம் மன்னிப்புக் கேக்க?"

"போகலன்னா?" என்றார் உம்மா.

மாமு ஹெல்மெட்டைக் கழற்றினார். "போகலன்னா போகல. அவ்வளவுதான்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

நான் வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கடைசியில் வாப்பா, "இன்னும் எடுக்கலையே. எப்ப எடுக்குறாங்கன்னு தெரிஞ்சுகிட்டுப் போவோம்" என்றார்.

எடுப்பதற்கு அந்த வீட்டில் எதுவும் இல்லை. உடல் இங்கே கொண்டுவரும் நிலைமையில் இல்லை. அங்கேயே தகனம் செய்ய முடிவாகியிருந்தது. மகனுக்கு வெளிநாடு போகக் கடப்பிதழ்கூட இல்லை. தாய்க்குக் கொள்ளி வைக்கப் போகமுடியாமல் லயத்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் காய்கறி வேன்காரரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாமுவுக்கும் தெரியும், உம்மாவுக்கும் தெரியும். ஆனால் வாப்பா சொன்ன காரணம் மரியாதையான காரணம். அதை யாரும் மறுத்துப் பேசவில்லை. மாமு சாப்பிட்டுவிட்டுப் போனார். வாப்பா வெள்ளைச் சட்டையோடேயே கடையில் உட்கார்ந்திருந்தார்.

காலையில் உம்மா தேத்தண்ணியைப் பின்கட்டுச் சாக்கடையில் ஊற்றினார். குண்டான் பெரியது, ஊற்றி முடிக்க நேரம் எடுத்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது சாக்கடை ஓரம் நெடுக எறும்பு.

வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆவுக்கு டவுன் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்தார். அன்றைய பிரசங்கம் முழுக்க அதைப் பற்றித்தானாம். ஒரு உயிரை அநியாயமாக எடுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்றும், இதைச் செய்தவர்களுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்றும் இமாம் குரல் உடையச் சொன்னாராம். நல்லா சொன்னாரு என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "பள்ளிவாசலுக்குள்ள சொன்னா லயத்துல யாருக்குக் கேக்கும்?" என்றார். உம்மா சோற்றைப் போட்டார்.

போன மாதம் உலகத்தின் இன்னொரு மூலையில் அதேபோல் ஒன்று நடந்தது. என் மகனின் பாலர் பள்ளித் தாய்மார்களுக்கு ஒரு வாட்சப் குழு இருக்கிறது. அதில் ஒருவர் அந்தக் காணொளியைப் போட்டு, அழுகிற முகம் ஒன்றையும் போட்டிருந்தார். நான் மனம் வருந்தி ஐந்து வரி எழுதினேன். பிறகு, என்னை யார் கேட்டார்கள் என்று தோன்றியது, அழித்தேன். எழுதாமல் இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். அதற்குள் யாரோ நாளைக்கு வண்ண உடையா, சீருடையா என்று கேட்க, பேச்சு அங்கே போய்விட்டது. அன்றைக்குத்தான் வாப்பாவின் வெள்ளைச் சட்டை எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தச் சாவுக்குப் பிறகு கவிதா நிறைய நாள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அவள் இல்லாத நாட்களில் ஒரு பையன் என் சாப்பாட்டு டப்பாவைக் காட்டி, இன்னொருவனிடம், "டேய் தொடாத, வெடிச்சிரும்" என்றான். பாதி வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே இருந்தது முட்டை சம்பல். வெடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். ஆசிரியைக்குத் தெரிந்து அவனை வெயிலில் நிறுத்தினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் தலைமையாசிரியர் நல்லவர். நல்லவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று இருக்கும். கவிதா திரும்பி வந்த அன்று காலைக் கூட்டத்தில் எங்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார். எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்று பேசினார். பிறகு எங்களைக் கைகுலுக்கச் சொன்னார். பள்ளிக்கூடமே கைதட்டியது. நாங்கள் ஒன்றாம் ஆண்டிலிருந்து ஒரே மேசையில் உட்காருகிறவர்கள். அதுவரை ஒருநாளும் கைகுலுக்கியதில்லை. அவள் கை சில்லென்று இருந்தது. என்னைப் பார்க்காமல் என் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேடையிலிருந்து இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "உங்கப்பா ஏன் வரல?"

"இன்னும் எடுக்கலையாம்ல" என்று வாப்பா சொன்னதையே சொன்னேன்.

"எங்கப்பா அடுப்ப மூட்டவே விடல, தெரியுமா? எங்க பெரியம்மால்லாம் கத்துனாங்க. வீட்ல பொணமே இல்ல, யாருக்காக அடுப்ப அணைச்சு வச்சிருக்கேன்னு. அப்பா, பாய் தேத்தண்ணி வரட்டும், அதுக்கப்புறம் மூட்டலாம்னாரு. மறுநாளும் மூட்ட விடல. தம்பி பசியில அழுதுட்டான். கடைசில பெரியம்மாவே வந்து மூட்டிட்டாங்க."

அவள் அதைக் கோபமாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. எனக்கு என்ன தோன்றியது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பெருமையாக இருந்தது. எங்கள் தேத்தண்ணி வராமல் ஒரு வீட்டில் அடுப்பே மூட்டவில்லை! நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடினேன். வாப்பா அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று கவனமில்லாமல் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, ஒரு நல்ல செய்தி சொல்வதுபோல அதைச் சொன்னேன்.

வாப்பா அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு சொன்னா?"

"கவிதா."

"அவங்கப்பா சொன்னாராமா, பாய் தேத்தண்ணின்னு?"

"ஆமா வாப்பா."

உள்ளே உம்மாவும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அம்மிச் சத்தம் கேட்டது.

அன்று மாலையே கிளம்பினோம். என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனார் என்று தெரியாது. கவிதாவின் தோழி என்பதாலா, பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்பதாலா? என் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அரசாங்க அலுவலகங்களில் வரிசையில் நிற்கும்போது நானும் இதையே செய்கிறேனோ என்று சில சமயம் தோன்றும். வேனில் பின்னால் உட்கார்ந்து, மூடி நகராமல் பிடித்துக்கொண்டேன். செம்பனை மரங்களுக்கு இடையில் மேடும் பள்ளமுமான பாதை. முன்னால் வாப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஓதுகிறார் என்று நினைத்தேன். பிறகு, "நாங்க எல்லாரும் அப்படி இல்ல" என்று ஒரு வரி காதில் விழுந்தது. சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் மாமா வீட்டு வாசலில் தார்ப்பாய்க் கொட்டகையை இன்னும் பிரிக்கவில்லை. கருமாதி பாக்கி இருந்தது. உள்ளே எங்கோ கடுகு தாளிக்கிற வாசம் வந்தது. பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகளில் நாலைந்து ஆண்கள். வாப்பா குண்டானை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு இறங்கியதும் பேச்சு நின்றது. பாயில் இருந்த பெண்கள் எழுந்து, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். சூடான பாத்திரம் வருகிறது என்று வழிவிடுகிறார்கள் என நினைத்தேன். ஒரு பாட்டிக்கு மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. அவரை யாரோ கையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

டிரைவர் மாமா தாடி வளர்த்திருந்தார். "வாங்க பாய்" என்றார். எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

வாப்பா குண்டானை பெஞ்சின்மேல் வைத்தார். வைக்கும்போது மூடி குலுங்கிச் சத்தம் வந்தது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

இறந்தவரின் மகன் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். தலை மழித்து, மீசை எடுத்து, சின்னப் பையன் போலத் தெரிந்தார். எனக்கு அவரை அண்ணா என்று கூப்பிட்டுப் பழக்கம். கடைக்கு வந்தால் எனக்கு மிட்டாய் வாங்கித் தருவார். அவர் குண்டானையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இதுல என்ன இருக்கு?"

எனக்கு அது சாதாரணக் கேள்வியாகத்தான் பட்டது. வாப்பாவும் சாதாரணமாகப் பதில் சொன்னார். "தேத்தண்ணிதான் தம்பி. இஞ்சி போட்டிருக்கு."

"இஞ்சி மட்டுந்தானா?"

"டேய்" என்றார் டிரைவர் மாமா. தாயைப் பறிகொடுத்துவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் நிற்கிறவனை யார் அடக்குவது?

வாப்பா மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது. துக்க வீட்டில் முதல் கிளாஸ் எப்போதும் வீட்டுக்காரருக்குத்தான். அவர் ஒரு வாய் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றவேண்டும். எத்தனை வீடுகளில் வாப்பா அப்படிச் செய்திருக்கிறார். அன்றைக்கு அவர் முதல் கிளாஸில் மொண்டு, நிமிர்ந்து நின்று, தானே குடித்தார். ஊதிக்கூடப் பார்க்கவில்லை. கொதிக்கிற தேத்தண்ணி. கண்ணில் நீர் வந்தது. முழுவதையும் குடித்து முடித்து, கிளாஸைக் கவிழ்த்துக் காட்டுவதுபோலச் சரித்துவிட்டுக் கீழே வைத்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கவிதா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வாப்பாவுக்கு முறை மறந்துபோய்விட்டதே, எல்லோர் முன்னாலும் இப்படி அவசரப்பட்டுக் குடித்துவிட்டாரே என்று இருந்தது.

பிறகு அவர் இன்னொரு கிளாஸில் மொண்டு டிரைவர் மாமாவிடம் நீட்டினார். டிரைவர் மாமா அதை உடனே வாங்கவில்லை. அவர் முகம் கோணிப்போய்விட்டது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"என்ன பாய் இது" என்றார். "நான் கேட்டேனா உங்கள? நீங்க எதுக்குக் குடிச்சுக் காட்டுறீங்க?"

வாப்பா வேனில் சொல்லிப் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினார். "இல்ல, நாங்க..."

"பாய். நீங்க எப்படின்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கே வந்திருக்கலாம்லா. நீங்களே வரலன்னதும் எல்லாரும் என்னைப் பாத்தானுங்க. நான் என்னன்னு பதில் சொல்றது அவனுங்களுக்கு?"

கிளாஸை வாங்கிக் குடித்தார். மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். மற்ற ஆண்களும் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டார்கள். சிலர் குடித்தார்கள், சிலர் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மழித்த தலை அண்ணாவுக்கும் வாப்பா ஒன்று மொண்டு வைத்தார். அவர் அதை எடுக்காமல் வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார். வாப்பா அவர் திரும்பி வருவார் என்று கொஞ்ச நேரம் நின்றார். பெஞ்சில் அந்த ஒரு கிளாஸ் ஆறிக்கொண்டிருந்தது. "நீங்க போங்க பாய், நான் குடுக்குறேன்" என்றார் டிரைவர் மாமா.

டிரைவர் மாமா பிறகு கடைக்கு வந்தார். வராமல் இல்லை. உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார். ஆனால் கேலி பேசுவதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒருமுறை யோசித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்; யோசித்துவிட்டு வருகிற கேலி அவ்வளவு நன்றாக இருப்பதில்லை. எஸ்டேட்டை வீட்டுமனைக்கு விற்றபோது எல்லோரையும்போல அவர்களும் போனார்கள், தெமியாங் பக்கம் என்று கேள்வி. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நாங்களும்தான் வந்துவிட்டோம்.

வாப்பாவிடம் நான் இதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். அது அன்றைக்குத் திரும்பி வரும்போது. இருட்டத் தொடங்கியிருந்தது. காலிக் குண்டானோடு பின்னால் உட்காராமல் முன்சீட்டில் வாப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

"வாப்பா, வீட்டுக்காரங்களுக்குத்தானே மொதல்ல குடுக்கணும்? நீங்க ஏன் குடிச்சீங்க? எல்லாரும் பாத்தாங்க."

வாப்பா பாதையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நாக்கு வெந்துபோயிருக்க வேண்டும், பேச்சு குழறியது.

"தாகமா இருந்துச்சும்மா."

அவ்வளவுதானா என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. நாளைக்குக் கவிதாவிடம் சொல்லிவிடலாம், எங்க வாப்பாவுக்கு ரொம்பத் தாகம் என்று. வீடு வந்ததும் முதல் ஆளாக இறங்கி ஓடினேன். குளிர்பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய கிளாஸாக எடுத்து, ததும்பத் ததும்பத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். வாப்பா அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாப்பா என்னையும் தண்ணீரையும் பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். வெந்த வாயோடு, நடுவில் நிறுத்தி நிறுத்தி, முழுவதையும் குடித்தார். நான் பக்கத்திலேயே நின்று கிளாஸ் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் வேணுமா வாப்பா?" என்று கேட்டேன்.

போதும் என்று தலையாட்டினார். தாகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.